எல்லா மதியங்களும் மச்சான் பெயரில்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நான், மனைவி, மகள், கடை, கடையிலுள்ள மெத்தைகள் அனைவரும் சுகம். அங்கே அக்காவும் உங்கள் முதுகும் சுகம்தானே?

கோபித்துக்கொண்டு போனவருக்கு இவனே வலிய வந்து எழுதுகிறான் பார் என்று மீசையை முறுக்க வேண்டாம். இது சமாதானக் கடிதம் அல்ல. எங்கள் கடையிலிருந்து உங்கள் கைப்பேசிக்குச் சில செய்திகள் வந்திருக்கும். அவற்றை நம்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடைக்கு இணையதளம் போடலாம் என்று மகள் சொன்ன அன்று, "மெத்தையப் படுத்துப் பாக்காம எவன் வாங்குவான்? இனிமே இந்தக் கடையில என் முதுகு படாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்களே, அதன் பிறகு அவள் திட்டத்தையே மாற்றிவிட்டாள். இப்போது அந்தத் தளத்தில் மெத்தை விற்பனையே கிடையாது. கடைக்கு வந்து அரைமணி நேரம் படுத்துப் பார்க்க நேரம் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். நீங்கள் சொன்னதுதான் சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக யாராவது சொன்னால் அது வதந்தி.

மகள் ஜன்னலோரக் கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். நான் பக்கத்து மெத்தையில் துணைக்குப் படுத்திருப்பேன். மதிய வெயில் திரைச்சீலையில் வடிந்து வரும். மின்விசிறிக் காற்றில் மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகள் மெல்ல எழும்பி அடங்கும், கடையே மூச்சு விடுகிற மாதிரி. அந்த நேரத்தில் அவள் சொல்வதெல்லாம் பாதி காதில் விழும், பாதி கனவில் விழும்.

"அப்பா, நம்ம கடை இப்ப மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு என் லேப்டாப்புல, நான் கட்டிக் கலைக்கிறதுக்கு. இன்னொண்ணு ஒத்திகை சர்வர். அதுல நீங்க எத வேணா அழுத்திப் பாக்கலாம், ஒண்ணும் ஆகாது. கடைசியாத்தான் நிஜ சர்வர். ஜனங்க வர்றது அங்க."

கண்ணை மூடினால் அந்த ஒத்திகைக் கடை எனக்கு அப்படியே தெரிந்தது. அதே ஷட்டர், அதே நாற்காலி, அதே ஓட்டைக் குடை. ஆனால் அங்கிருந்து யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. மூலை மெத்தையில் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

லேப்டாப்பில் சமர்த்தாக ஓடியது, சர்வருக்குப் போனதும் முரண்டு பிடித்தது. "என் மெஷின்ல ஓடுதேப்பா!" என்று புலம்பினாள். அப்படியானால் உன் மெஷினையே கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துவிடலாமே என்றேன். அவள் பார்த்த பார்வையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சர்வரில் இருந்த மென்பொருள் பழைய பதிப்பாம். அதைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டாள். உடனே, பதிவுகளையெல்லாம் சேர்த்து வைக்கிற தரவுத்தளம் கடவுச்சொல் தப்பு என்று கதவைச் சாத்திக்கொண்டது. அதைத் தாஜா செய்து திறந்தால் வெளியிலிருந்து வரும் வழி அடைத்துக் கிடந்தது.

எல்லாம் சரியாகி, கடைசியில் அமைப்புக் கோப்பு ஒன்றுதான் பாக்கி. எந்தத் தரவுத்தளத்தில் எழுத வேண்டும் என்று கடைக்குக் கடை சொல்லி வைக்கிற கோப்பு அது. "ஒத்திகைக்குன்னு வெச்சிருக்கேன் பாருங்க, அத அந்த சர்வர்ல போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் டீ வாங்கப் போனாள். நான் தூக்கக் கலக்கத்தில் நிஜக் கடையின் கோப்பை எடுத்து ஒத்திகைக் கடையில் போட்டுவிட்டேன். மெத்தைக்கு உறை மாற்றிப் போட்டால் தொளதொளவென்று காட்டிக்கொடுத்துவிடும், இது பாவி கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அது தெரியாமல் தினமும் மதியம் படுத்தபடியே, வரப்போகும் மதியங்களின் அரைமணிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து பார்த்தேன். கைப்பேசி எண் கேட்டது. என் விரலுக்குத் தெரிந்த ஒரே எண் உங்களுடையதுதான். பெயரும் உங்களுடையதையே போட்டேன். வாடிக்கையாளருக்கு ஏதாவது எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'மூலை மெத்தையத் தட்டிப் போட்டிருக்கேன்' என்று எழுதினேன். மறுநாள், 'நீங்க இல்லாம மதியம் மதியமாவே இல்ல மச்சான்' என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'செய்தி அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. ஒத்திகைதானே என்று நானும் தாராளமாக இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு பஸ் டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "என்னங்க, எந்த மதியத்த அழுத்துனாலும் இடமில்லங்குது. ஊரே உங்க கடையிலதான் தூங்குதா?"

மகள் கணினியைத் திறந்து பார்த்தாள். "ஊரு இல்லப்பா, மாமா! நிஜ சர்வர் முழுக்க மாமாதான் தூங்குறாரு!" ஒத்திகைக் கடையில் நான் போட்ட பதிவெல்லாம் கோப்பு மாறியதால் நிஜக் கடைக் கணக்கில் ஏறியிருந்தது.

மன்னிப்புக் கேட்டு டிரைவரை மூலை மெத்தையில் படுக்க வைத்தேன். "இது என் இடுப்புக்கு ஒத்து வருமாங்க?" என்றார். நீங்களாக இருந்தால் அவர் நடந்து வந்ததைப் பார்த்தே சொல்லியிருப்பீர்கள். நான் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் மெதுவாக எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெத்தைக்கடைக்காரன் சொல்கிற பதிலா அது?

ஆகவே, உங்களுக்கு வந்த செய்திகள் யாவும் கோப்பு மாறியதால் விளைந்தவை. சோதனைக்காக எழுதிய வாக்கியங்களே தவிர மனதில் இருந்தவை அல்ல. அவற்றை அழித்துவிடவும். அவற்றை நம்பிப் புறப்பட்டு வர வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் தலையணை என்றும் பதமாக இருந்து, படுத்தவுடன் தூக்கம் வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தைப் படித்த மகள் மெத்தையில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "செய்தி அனுப்புற சேவையில நான் இன்னும் சேரவே இல்லப்பா. அனுப்பப்பட்டதுன்னு திரையில சும்மா வரும். மாமாவுக்கு ஒண்ணுமே போகல!" ஆக, உங்களுக்கு எதுவும் தெரியாது. நியாயமாக இதைக் கிழித்துப் போட வேண்டும். போடவில்லை. அந்த வாக்கியங்கள் சோதனைக்காக எழுதியவையும் அல்ல. உங்கள் பெயரில் இருந்த பதிவுகளையெல்லாம் மகள் அழித்துவிட்டாள். வரும் சனிக்கிழமை மதியத்தை மட்டும் நான் அழிக்க விடவில்லை. டிரைவரையும் அந்த நேரத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன். இது நிஜ சர்வர், மச்சான். வந்துவிடுங்கள்.