இருமல் டாக்டரின் பெரிய கட்டுரை

முகத்தைப் பார்க்காமல், இருமலை வைத்தே ஆளைச் சொல்லக்கூடியவர் திருச்சி ஜில்லாவில் ஒருவர்தான் இருந்தார். ஊர் அவரை இருமல் டாக்டர் என்றது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காசநோய் கிளினிக்கில் நான் அவருக்கு டைப்பிஸ்ட். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். மாலையில் தொற்றுநோய், நுரையீரல் என்று கட்டுரை சொல்லுவார், நான் அடிப்பேன். வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகைகளெல்லாம் அதை வாங்கிப் போட்டன. உள்ளூரில் ஒருத்தருக்கும் அது தெரியாது.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒருநாள் பின் சீட்டில் யாரோ இருமினார். டாக்டர் திரும்பக்கூட இல்லை.

"சுருட்டுங்களா?"

"ஆமாங்க."

"உறையூர்ச் சுருட்டு. எத்தனை மாசமா இருமல்?"

கேட்ட கையோடு பையிலிருந்து மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "காலையில எழுந்ததும் நல்லா இருமி இதுல துப்பிக் கொண்டாங்க."

அந்த மனிதர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஓடினார். டப்பாவோடுதான் ஓடினார் என்பதில் டாக்டருக்கு ஏகத் திருப்தி.

கட்டுரை விஷயத்தில் மனிதர் மகா பிடிவாதக்காரர். ஒருதடவை நான் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி அடித்து, தபாலிலும் சேர்த்துவிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் பறந்தார். ரயிலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த தபால்காரரிடம், "ஒரு நோயாளி அதிகமாப் போயிட்டாருங்க, இறக்கணும்" என்று கெஞ்சினாராம். அவர் பயந்துபோய், எந்தப் பெட்டி என்று கேட்டாராம்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஏமாற்றப் பார்த்தேன். எனக்கு மணப்பாறையில் பெண் நிச்சயமாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். அந்தச் சமயம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

"மூணு நாளா டைப் மிஷின் நடுவுல நடுவுல நிக்குதே. ஒரு டப்பா எடுத்துக்கய்யா."

காசநோய் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் யார் பெண் கொடுப்பார்கள்? பியூன் பெரியசாமியின் கையைக் காலைப் பிடித்து, அவருடைய சளியை வாங்கி, என் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிட்டார்.

"நீ எப்பலேர்ந்துய்யா வெத்திலை போடறே?"

"நான் போடறதே இல்லையே சார்."

"உன் சளி போடுதே!"

பெரியசாமியின் வாய் எந்நேரமும் சிவந்திருக்கும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. அசடு வழிய நின்றேன். அவர் திட்டவில்லை. வேறு டப்பாவைக் கொடுத்து எதிரிலேயே நின்றுகொண்டார். இந்தத் தடவை கிருமி இருந்தது.

"பயப்படாதே, குணமாயிடும். ஒரு வருஷம் ஊசி, மாத்திரை. கல்யாணத்தைத் தள்ளிப் போடு."

"காரணம் கேப்பாங்களே சார். கல்யாணமே நின்னுடும் சார்." அழுதே விட்டேன்.

"என்னைப் பொய் சொல்லச் சொல்லாதே" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பா முறுக்குப் பொட்டலத்தோடு கிளினிக்குக்கே வந்துவிட்டார், தேதி பேச. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மாப்பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு லீவு தர முடியாதுங்க. பெரிய கட்டுரை ஒண்ணு எழுதறேன். இவன்தான் அடிக்கணும்."

"அடேயப்பா! எவ்வளவு பெரிசுங்க?"

"சுமார்... முன்னூறு பக்கம்."

சுமார் என்ற சொல்லை அவர் வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன். அப்படி ஒரு கட்டுரையே கிடையாது.

கிளினிக்கில் ஊசி போட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று, காலையில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் என் அறைக்கே சைக்கிளில் வந்து போட்டார். குணமானதும், "முதல்ல பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லு, அப்புறம் தாலி கட்டு" என்றார். சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். தன் அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

மாமா வருஷா வருஷம் தீபாவளிக்குக் கேட்பார். "அந்தக் கட்டுரை அச்சாயிடுச்சா மாப்பிள்ளே?"

"இன்னும் திருத்திக்கிட்டிருக்கார் மாமா."

அறுபதுகளின் கடைசியில் டாக்டர் போய்விட்டார். பெற்ற தகப்பன் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. விஷயம் கேட்டு வந்த மாமா, "நல்ல மனுஷர். பாவம், அந்தப் பெரிய கட்டுரையை முடிக்காமலே போயிட்டாரே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வாசலில் என் பிள்ளைகள் இரண்டும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

"முடிச்சுட்டுத்தான் போனார் மாமா" என்றேன்.