தடதடா பாயின் ராக்கெட் குழு

செஞ்சியில் கோட்டை கட்டிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் பயந்திருப்பார்கள். படை வந்தபோது பயந்தார்கள், பஞ்சம் வந்தபோது பயந்தார்கள். காரணமே இல்லாமல், காலையில் கடையைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை, ஒரு நாள்கூட லீவு போடாமல் பயந்தவர் தடதடா பாய் ஒருவர்தான்.

கடைத்தெருவில் டெய்லர் கடை வைத்திருந்தார். நாய் என்றால் பயம். குரங்கு என்றால் பயம். கரண்ட் என்றால் அப்படி ஒரு பயம், ஸ்விட்சைப் பேனாவால்தான் தட்டுவார். வாடிக்கையாளர் என்றால் எல்லாவற்றையும்விடப் பயம். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். பாய்க்கு வலது கால் நடுங்கும். அந்தக் கால் தையல் மிஷின் மிதியில் இருந்ததால் மிஷின் தடதடவென்று ஓடும். அதுதான் பெயர்க் காரணம்.

செஞ்சிப் பெண்கள் இந்த ரகசியத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்பாகக் கேட்டால் ஜாக்கெட் ஒரு மாதம் ஆகும். கடை வாசலில் நின்று ஒரு சத்தம் போட வேண்டும்.

"யோவ் பாய்! நாளைக்கு கண்ணாலம், துணி அப்டியே கெடக்குது! இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்கற?"

அவ்வளவுதான். "தோ ஆச்சும்மா, தோ ஆச்சும்மா" என்பார். கால் தானாக ஆட ஆரம்பிக்கும். அந்த அம்மாள் பக்கத்துக் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஜாக்கெட் தயார். தையலில் ஒரு குறை இருக்காது, அது வேறு விஷயம்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாத்தியார். சாயங்காலத்தில் 'தேன்துளி இன்னிசைக் குழு'வில் பாடகன். ரேடியோக் கடை அண்ணன் தம்பி இரண்டு பேர் கிடாரும் ஆர்கனும் வாசிப்பார்கள். எங்கள் டிரம்ஸ்காரர் கல்யாணம் ஆகி மாமனார் ஊரோடு போய்விட்டார். சிங்கவரத்தில் ஒரு வரவேற்புக்கு ஒத்துக்கொண்டிருந்தோம். ஆள் இல்லை. ரேடியோக் கடை அண்ணனுக்குத்தான் அந்த விபரீத யோசனை வந்தது.

"டெய்லர் பாய் காலப் பாத்திருக்கியா வாத்தியாரே? பெடல் மிதிக்க பொறந்த காலு."

பாய் முதலில் மாட்டேன் என்றார். அண்ணன் சத்தம் போட்டார். பாய் உடனே சரி என்றார். மேடையில் உட்கார்ந்து, எதிரே பந்தி முடித்துவிட்டு வரும் கூட்டத்தைப் பார்த்தார். கால் ஆடத் தொடங்கியது. கால் போன வேகத்துக்குக் கையும் போனது. ஒரு மெல்லிய காதல் பாட்டை நான் எடுத்தேன். பல்லவியில் மூச்சு விடுவதற்குள் சரணம் வந்துவிட்டது. காதலியை வர்ணிக்க எனக்கு நேரமே கொடுக்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

அடி விழவில்லை. அது அன்றைய அதிர்ஷ்டம். ஆனால் பாய் ஒன்று கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்ப்பார். சந்து எங்கே போகிறது, வேலி எங்கே குட்டை, எல்லாம் விசாரித்துவிட்டு, சைக்கிளை ஊருக்கு வெளியே பார்த்த மாதிரி நிறுத்திவிட்டுத்தான் டிரம்ஸைத் தொடுவார்.

கடைத்தெருவில் ஒத்திகை பார்த்தால் அக்கம்பக்கத்தில் திட்டு விழுந்தது. அதனால் கோட்டைக்குள் இருக்கும் பழைய களஞ்சியத்துக்குப் போனோம். பாய் குரங்குக்குப் பயந்து கூரை இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருவார். ஒரு மத்தியானம் வாசிப்பின் நடுவில் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். தலைமுடி கோணல் மாணலாக வெட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர். பாய் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசினேன். அவர் அமெரிக்கர். ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தவராம். நான்கு பையன்கள், ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்தார்கள். கிடாரில் மூன்றே மூன்று ஸ்வரக்கட்டு. ஒரு பாட்டு இரண்டு நிமிஷம் தாண்டாது. பெண் கிடைக்காத சோகம், பள்ளிக்கூடத்தின் மேல் கோபம், எல்லாவற்றையும் ஓட்டமாக ஓடிப் பாடுவார்கள். ஒரு ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போனார்கள். சண்டை போட்டார்கள், சேர்ந்தார்கள், பேர் வாங்கினார்கள். கூட்டம் பெருகப் பெருக இவருக்குப் பயம் பெருகியது. ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போனவர்தான். அந்த மற்ற மூன்று பேரையும் அப்புறம் பார்க்கவே இல்லையாம். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து அந்தக் குழுவின் பாட்டுக் கேசட் ஒன்றை எடுத்துப் பாயிடம் கொடுத்துவிட்டு மலை ஏறப் போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பாய்க்குப் புல்லரித்துவிட்டது.

"ஓடுறதுன்னா இப்டி ஓடணும் வாத்தியாரே. கடலத் தாண்டி ஓடி வந்துருக்கான் பாரு!"

ரேடியோக் கடையில் கேசட்டைப் போட்டோம். வாணலியில் ஆணியைக் கொட்டி வறுத்த சத்தம். தம்பி காதைப் பொத்திக்கொண்டார். பாய் மட்டும் மிஷினில் நூல் கோக்கிற கவனத்தோடு கேட்டார்.

"புரிஞ்சிபோச்சுப்பா. இவனுங்க அத்தினி பேரும் நம்மளாட்டம் பயந்தவனுங்க. சட்டுபுட்டுனு பாடி முடிச்சிட்டு வூடு போய்ச் சேரணும்னு அவசரம். பயம் இல்லாதவன் எதுக்குய்யா இப்டி கத்தறான்?"

அன்றோடு தேன்துளி செத்தது. 'ராக்கெட் இன்னிசைக் குழு' பிறந்தது. எல்லாப் பாட்டும் அமெரிக்க வேகம். தாலாட்டுக்கூட அந்த வேகம்தான். குழந்தை இருந்த வீட்டில் அதைப் பாடிவிட்டு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

தோற்றுவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துக் கரண்டை நம்பி எவன் கச்சேரி வைப்பான்? மற்ற குழுக்கள் ஐந்தாவது பாட்டில் இருக்கும்போது கரண்ட் போய்விடும். நாங்கள் அதற்குள் நன்றி வணக்கம் சொல்லி, ஒயரைச் சுருட்டி, சாப்பிட்டுக்கொண்டிருப்போம். வல்லம் பக்கமெல்லாம் எங்களுக்கு நல்ல பெயர். "ராக்கெட்ட கூப்டு. கடைசி பஸ்ஸ புடிச்சிறலாம்" என்று ஜனங்களே சொன்னார்கள். பெயர் வளர வளரப் பாயின் பயமும் வளர்ந்தது, பயம் வளர வேகமும் வளர்ந்தது. எனக்கு மட்டும் தூக்கத்தில்கூட மூச்சு வாங்கியது.

தொண்டூர் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த ஊரில் தேர்த் திருவிழா. மத்தியான வெயிலில் தேர் கிளம்பியதும் தேர் நிலைக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேடையில் நாங்கள் ஆரம்பித்தோம். தேர் முதல் தெரு திரும்புவதற்குள் எங்களிடம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. நான் நன்றி வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நாட்டாமை மேடைக்குக் கீழே வந்து நின்றார். குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். அந்த மாதிரி ஆளிடம்தான் எனக்கு நடுக்கம் அதிகம்.

"தம்பி, பாட்டு நிக்கக் கூடாது."

"பாட்டு முடிஞ்சிபோச்சுங்களே."

"தேரு நெலைய வுட்டு கெளம்பிச்சின்னா, திரும்பி வர்ற வரைக்கும் இங்க சத்தம் இருக்கணும். வெறிச்சின்னு ஆனா ஊருக்கு ஆவாது. ஒரு வருசம் மேளக்காரன் தூங்கிட்டான். அந்த வருசம் ஏரி ஒடைஞ்சிபோச்சு."

"அந்த மேளக்காரரு இன்னா ஆனாருங்க?"

நாட்டாமை மீசையை ஒரு முறை தடவிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தடிதடியாக நான்கு இளவட்டங்கள் வந்து மேடையின் நான்கு மூலையிலும் நின்றார்கள்.

ஊர் ஊராகப் போய் ஓடுகிற வழியெல்லாம் விசாரித்த நாங்கள், எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பாடினதையே மறுபடி பாடினோம். அப்போது ஒருவன் ஓடி வந்து, மேலத் தெரு முனையில் தேர்ச் சக்கரம் சகதியில் இறங்கிவிட்டது, இழுக்க இழுக்க அசையவில்லை என்று சொன்னான்.

ரேடியோக் கடை அண்ணன், "தண்ணி குடிச்சிட்டு வந்துர்றோம்" என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு பேரும் மல்லாட்டைக் கொல்லைக்குள் வேர்க்கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு குனிந்து ஓடியதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பாய் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. என் காதருகே வந்தார்.

"ஒண்ணுக்கு போயிட்டு வரேன் வாத்தியாரே."

"பாய், போவாதீங்க பாய்!"

"தோ வந்துட்டேன்பா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் வேலி தாண்டிக் குதிக்கிற சத்தம் கேட்டது.

நான் தனியாக நின்றேன். சத்தம் நிற்கக் கூடாது. பாடினேன். தொண்டை கிழிந்தது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றாமல், இன்ஸ்டிடியூட்டில் தினமும் பிள்ளைகளுக்குச் சொல்கிற முதல் பாடத்தை எடுத்தேன். "ஏ எஸ் டி எஃப்... செமிகோலன் எல் கே ஜே..." இங்கிலீஷ் பக்திப் பாட்டு என்று நினைத்து முன்வரிசையில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறும் காற்று. மைக்கில் அதுவும் நின்றது. கூட்டத்தில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நாட்டாமை நாற்காலியை விட்டு எழுந்தார். செத்தேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் தடதடவென்று சத்தம் எழுந்தது.

பாய்! சட்டையெல்லாம் புழுதி, மூச்சு இரைக்கிறது, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு அடிக்கிறார். வாழ்நாள் பயம் முழுவதும் அந்தக் காலில் இறங்கியிருந்தது. ஊரெல்லாம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அந்த அடி மேலத் தெரு முனைக்குப் போயிருக்கிறது. வடத்தைப் பிடித்திருந்தவர்கள் அந்தத் தாளத்துக்கு ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். சக்கரம் சகதியை விட்டு ஏறிவிட்டது.

ஏறின தேர் நிற்கவில்லை. பாயின் வேகத்துக்கு இழுத்தார்கள். தெருக் கோடியில் தேர் திரும்பியதைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தேர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வருகிறார்கள், போட நேரமில்லை. குருக்கள் மேலே தூணைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஜனங்கள் அலறுகிறார்கள். அலறல் கேட்டுப் பாய்க்கு இன்னும் பயம், இன்னும் வேகம். தேர் நேராக எங்களைப் பார்த்து வருகிறது.

மெதுவா அடிங்க பாய் என்று கத்தினேன். குரலே இல்லை. கையைப் பிடித்து நிறுத்தினால் நாட்டாமை இருக்கிறார். தரையில் உட்கார்ந்து பாயின் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கோழிக்குஞ்சைப் பிடித்தால் துடிக்குமே, அப்படித் துடித்தது. அழுத்தாமல் பிடித்தபடியே இருந்தேன். பாய் கண்ணைத் திறந்து பார்த்தார். நான் என்று தெரிந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடி நிதானத்துக்கு வந்தது. தேரும் நிதானத்துக்கு வந்தது. கட்டைகள் விழுந்தன. தேர் நிலையில் நின்றது.

ஊரே மேடைக்குப் பாய்ந்து பாயைத் தோளில் தூக்கிக்கொண்டது. "எறக்குங்கப்பா! ஒசரம்னா எனக்கு ஆவாது!" என்று அவர் அலறியது யார் காதிலும் விழவில்லை. நாட்டாமை வந்து எங்கள் இரண்டு பேருக்கும் மாலை போட்டார். அவர் கையும் நடுங்கியது.

ராக்கெட்டின் சரித்திரம் அத்தோடு முடிந்தது. அடுத்த வருஷமும் வரச் சொல்லி அந்த ஊரில் ஆள் அனுப்பினார்கள். பாய் கடையை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

தேர் நிலைக்கு வந்த அன்று சாயங்காலம் பாய் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தார். எனக்குக் குரல் இன்னும் வரவில்லை. ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்கத்தான் ஆசை. ஏரிக்கரை வந்ததும் அவராகவே சொன்னார்.

"இதோ, இதுவரைக்கும் வந்துட்டேன் வாத்தியாரே. தப்பிச்சோம்னு ஒரு பீடிகூட எடுத்துட்டேன். ஸ்பீக்கர்ல உன் கொரலு தேஞ்சிக்கினே வந்துச்சு பாரு... வவுத்துல ஒரு பயம் வந்துச்சுப்பா. அல்லாவே, அந்த மாதிரி பயம் எனக்கு வந்ததே இல்ல. மிதிச்சிக்கினு வந்துட்டேன்."

எனக்கு வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்காகவும் சேர்த்துப் பயப்பட அவர் ஒருவர்தான் இருந்தார்.