டாக்கெட் முடிக்க விரும்பாத பட்டம்

சார்ஜென்ட் ஓரின் டாக்கெட் இந்த ஜென்மத்தில் பட்டம் வாங்குவதில்லை என்று தீர்மானம் செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷமும் அவர் கல்லூரி மாணவர்தான்.

அமெரிக்காவின் லாட்டன் ஊரில் பட்டாள முகாமை ஒட்டிக் குடியிருக்கும் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. சிப்பாய்களுக்கென்றே நடக்கும் அந்தக் கல்லூரிக்கு வகுப்பறை கிடையாது, பாடமெல்லாம் கம்ப்யூட்டரில். எப்போது வேண்டுமானாலும் சேரலாம். கடமை அழைக்கிறது என்று மேலதிகாரி ஒரு கடிதம் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். படிக்க நினைப்பவனுக்கே இவ்வளவு வசதி என்றால், படிக்காமல் இருக்க நினைப்பவனுக்கு எவ்வளவு வசதி!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது பெண் பிறந்தபோது டாக்கெட் கொரியாவில் இருந்தார். முதல் பெண் பிறந்தபோதும் எங்கேயோ இருந்தார். ஊர் திரும்பிக் குழந்தையைக் கையில் வாங்கியதும் அது வீறிட்டது. மனைவி வெர்னா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டாக்கெட் பின்னாலேயே போனார்.

"வெளிய வேலை கிடைக்க ஒரு பட்டம் மட்டும் வாங்கிக்கறேன் வெர்னா. வாங்கின மறுநாளே பட்டாளத்துக்கு ஒரு பெரிய கும்பிடு. சத்தியம்" என்று சொல்லித் தொலைத்தார்.

வெர்னா கேட்டதும் அதிகமில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் பதினொரு வீடு. ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் ஒவ்வோர் அளவு. எந்த ஜன்னலுக்கும் பொருந்தாத திரைச்சீலைகள் மூன்று பெட்டி நிறையக் கிடந்தன. ஒரே வீட்டில், திரைச்சீலை வெளுத்துக் கிழிகிறவரை இருந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

டாக்கெட்டுக்கோ பட்டாளத்தை விட்டால் ஒன்றும் தெரியாது. பதினெட்டு வயதில் உள்ளே நுழைந்தவர். முன்பு ஓய்வு பெற்ற சகா ஒருவரைக் கடையில் பார்த்தார். தள்ளுவண்டியைப் பிடித்தபடி, எந்த வரிசையில் போய் நிற்பதென்று புரியாமல் அந்த மனிதர் நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு டாக்கெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தானும் ஒரு நாள் அப்படி நிற்கப்போகிறோம் என்று பயந்தார். அந்தப் பயத்தை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

ஆகவே ஒரு திட்டம். வெர்னா நச்சரித்தால் ஒரு பாடத்தில் சேருவார். இரண்டு வாரம் போனதும், எவனும் போகமாட்டேன் என்கிற பட்டாளப் பயிற்சி எதற்காவது முதல் ஆளாகக் கை தூக்குவார். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் போனார். பாராசூட் மடிக்கப் போனார். சமையல்கூடச் சுகாதாரம் என்று ஒரு மாதம் பாத்திரங்களை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். தப்பிக்க வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டு முடித்த பாடங்கள் பத்து. பட்டத்துக்கு நாற்பது வேண்டும். இதே வேகத்தில் போனால் இன்னும் இருபத்தேழு வருஷம். நினைக்கவே நிம்மதியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு காலை. வானம் இருண்டு கிடந்தது. முகாமில் பீரங்கி வெடிக்கும் போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது. டாக்கெட் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்.

"வெர்னா, ஒரு கெட்ட சேதி. புள்ளியியல் பாடத்தை விட வேண்டியதாப் போச்சு. அலாஸ்காவுல ஆறு வாரம் பயிற்சி."

"என்ன பயிற்சி?"

"பனியில நடக்கறது."

"நாப்பத்தொரு வயசுல நடக்கக் கத்துக்கப் போறியா?"

"பனியில, வெர்னா. அது வேற நடை."

"சரி, கம்பளி சாக்ஸ் எத்தனை வைக்கட்டும்?"

"எவ்வளவு ஆசையாப் படிச்சிட்டிருந்தேன் தெரியுமா?"

"தெரியாம என்ன? புஸ்தகத்து மேல இருக்கிற பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கலையே. அவ்வளவு பத்திரம்."

அவள் சண்டை போடவில்லை. எப்போதுமே போட்டதில்லை. பையை எடுத்து வந்தாள், கூடவே ஒரு காகிதமும். "போறதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து."

பவர் பத்திரம். வெளியூர் போகிற சிப்பாய் ஒவ்வொருவனும் மனைவிக்கு எழுதிக் கொடுப்பது. அவன் இல்லாதபோது கார், வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அவன் பேரில் அவளே கையெழுத்துப் போடலாம். டாக்கெட் வழக்கம்போல் படிக்காமலே போட்டார்.

பிறகு விலகல் கடிதத்தோடு முகாமின் கல்வி அலுவலகத்துக்குப் போனார். ஆலோசகர் ப்ரூஸ்டர் கடிதத்தை வாங்கவில்லை. எழுந்து நின்று கை குலுக்கினார்.

"இந்தப் பாடமே உங்களுக்கு வேண்டாம் சார்ஜென்ட். நேத்தோட நாப்பதும் முடிஞ்சுது."

"பத்துதானே முடிச்சேன்?"

"கல்லூரியில பத்து. மீதி முப்பது பட்டாளத்துல." ப்ரூஸ்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஃபோர்க்லிஃப்ட் அங்கே சரக்கு நிர்வாகமாகி இருந்தது. பாத்திரம் முகர்ந்தது பொதுச் சுகாதாரம். பாராசூட்டுக்கும் ஏதோ ஒரு கௌரவமான பெயர். "பட்டாளப் பயிற்சியைக் கல்லூரி பாடமா ஏத்துக்கும், முக்கால்வாசி வரைக்கும். சேரும்போதே கையேடு குடுத்தோமே, படிக்கலையா?"

டாக்கெட் படித்திருந்தால்தானே?

"உங்க மனைவி படிச்சிருக்காங்க. ஒவ்வொரு பயிற்சியும் முடிஞ்சதும் உங்க பவர் பத்திரத்தோட சான்றிதழை அனுப்பிடுவாங்க. ஒன்பது வருஷமா ஒண்ணு விடலை."

"எங்கயாவது தப்பாச் சேர்த்திருப்பீங்க. நல்லாப் பாருங்க."

"பட்டம் வேணாம்னு வந்து நிக்கிற முதல் ஆள் நீங்கதான்" என்றார் ப்ரூஸ்டர்.

வீட்டில் வெர்னா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஓய்வு விண்ணப்பம். அதன் மேல் ஒரு பேனா.

"இதுல மட்டும் என் கையெழுத்து செல்லாதாம். நீதான் போடணுமாம்."

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டேதான் என் பையைக் கட்டிக் குடுத்தியா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே வெர்னா."

"சொல்லியிருந்தா நீ ஓடறதை நிறுத்தியிருப்ப. அப்புறம் நான் எப்ப இந்தப் பட்டத்தை முடிக்கறது?"

டாக்கெட் நாற்காலியில் உட்கார்ந்தார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சத்தியத்தை நேருக்கு நேர் உடைக்கிற தைரியம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. சுற்றிப் போகத்தான் தெரியும், சுற்றிப் போக இனி வழியில்லை. காகிதத்தின் ஓரத்தை வெர்னா விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தார். ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு அந்தக் கடைசி நிமிஷத்தில் அவர் மேல் நம்பிக்கை இல்லை. அது அவரைச் சுட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

போட்டதும் நெஞ்சு வெறிச்சோடிப் போயிற்று.

"எனக்குப் பயமா இருக்கு வெர்னா."

"தெரியும்."

"வெளிய போனா என்னை சார்ஜென்ட்னு கூப்பிட ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க."

வெர்னா கையெழுத்தை இரண்டு தரம் சரிபார்த்தாள். காகிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டினாள். பிறகு அவர் தோளில் கை வைத்தாள்.

"ஏன், நான் கூப்பிட மாட்டேனா? ஆபீஸ் மூடறதுக்குள்ள இதைக் குடுத்தாகணும். கார் கண்ணாடியில ஐஸ் உறைஞ்சு கிடக்கு. போய்ச் சுரண்டு, சார்ஜென்ட்."