பீடை நீங்கிய சான்றிதழ்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் வாசலையொட்டி, வெளிநாட்டுப் பயணியர் பாதுகாப்பு உதவி மையம் சீரும் சிறப்புமாக இயங்கிவந்தது. 'வெளிநாட்டவர் மீது குற்றம் நடக்காத நாட்கள்' என்று ஒரு பலகை. பக்கத்தில் சாக்பீஸில் ஓர் எண். தினமும் அதில் ஒன்றைக் கூட்டி எழுதுவதே மையத்தின் தலையாய பணி. மற்ற நேரத்தில் டீ குடிப்பார்கள்.

பொறுப்பு அதிகாரி சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி. எண் முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் பதக்கம், கூடவே பதவி உயர்வு என்று மேலிடம் சொல்லியிருந்தது. பதினொரு வருஷமாக அதே இரண்டு நட்சத்திரத்தைச் சுமந்தவர், பாவம். அந்த எண்ணைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

முந்நூற்று ஐம்பத்தெட்டாம் நாள், ஆட்டோ ஓட்டும் ஜெபகுமார் ஒரு நார்வேக்காரப் பெண்ணைக் கூட்டிவந்தார். பெயர் இங்க்ரிட். கோயில் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிய நேரம், பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பாஸ்போர்ட்டு அதுலதான் இருந்துச்சாம் சார். வெள்ளிக்கெழம பிளைட்டு. போலீஸ் பேப்பர் இல்லாம தூதரகத்துல வேலை ஆவாதாம். அழுதுக்கினே இருக்குது."

கோதண்டபாணி பலகையைப் பார்த்தார். ஏட்டு காசிநாதனும் பலகையைப் பார்த்தார்.

"ஷூ இருக்குதா?"

"தொரத்திக்கினு ஓடிட்டு வந்து பாத்தா அதையும் காணோம் சார்."

கோதண்டபாணியின் முகம் மலர்ந்தது. "கோயில்ல செருப்பு தொலைஞ்சா இன்னா சொல்லுவோம் காசி?"

"பீடை வுட்டுதுன்னு சொல்லுவோம் சார். வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்குவோம்."

"கேஸ் குடுப்போமா?"

"சீச்சீ! சந்தோஷமாச்சே சார் அது."

"ஒரு ஜோடி செருப்புக்கே பீடை வுட்டுதுன்னா, இவ்ளோ பெரிய பைக்கு எவ்ளோ பீடை போயிருக்கும்! இதப் போயி குற்றம்னு எழுதுனா சாமிகுத்தம்பா."

உடனே சான்றிதழ் தயாரானது: 'மேற்படி இங்க்ரிட் என்பாரைப் பற்றியிருந்த பீடையானது, இருசக்கர வாகனத்தில் வந்த இரு நபர்களின் நல்லொத்துழைப்புடன், அன்னாரை விட்டு முற்றிலும் நீங்கியது எனச் சான்றளிக்கப்படுகிறது.' கீழே வட்ட முத்திரை.

"பை எப்ப கெடைக்கும்னு கேக்குது சார்."

"பை வந்தா பீடையும் கூடவே வந்துடும்னு சொல்லுபா."

தூதரகம் அதை நாலு தரம் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை விமானம் அவளை விட்டுவிட்டுப் பறந்தது. ஜெபகுமார் வீட்டு மாடியில் தங்கி, வேறு வழியில்லாமல் தமிழ் கற்றாள்.

இதற்குள் ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தச் சான்றிதழைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். இரண்டே நாளில் பீடை நீக்கம் மோஸ்தராகிவிட்டது. பயணிகள் கேமராவை மதில்மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார்கள். திருடர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அப்படியும், இரண்டு மணி நேரம் நின்றும் தன் பை திருடுபோகவில்லை என்று ஓர் அம்மாள் எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். குற்றம் நடக்கவில்லை என்ற அந்தப் புகாரை மையம் மகிழ்ச்சியுடன் கோப்பில் சேர்த்தது.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் கோயில் மண்டபத்தில் விழா. ஊரே திரண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கைதட்டியது. கோதண்டபாணி பதக்கத்தையும் பதவி உயர்வு உத்தரவையும் வெளியே தன் புல்லட்டின் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, மேலதிகாரியோடு படமெடுத்துக்கொள்ள உள்ளே ஓடினார். திரும்பி வந்தால் புல்லட் இல்லை. பூட்ஸும் இல்லை.

"காசி! உத்தரவு அதுலதான்யா இருந்துச்சு! நகல் வேணும்னா எஃப்.ஐ.ஆர். கேப்பாங்க. கேஸ் எழுதுய்யா!"

காசிநாதன் ஏற்கெனவே முத்திரை குத்திவைத்திருந்த தாளை நீட்டினார். "பேர் மட்டும் போட்டுக்கறேன் சார்."

"யோவ், நான் உள்ளூர்க்காரன்யா!"

"பீடைக்கு உள்ளூர், வெளியூர்னு இருக்குதா சார்? இது திருட்டுன்னா அந்த நார்வே அம்மாவோடதும் திருட்டாயிடும். அப்புறம் பதக்கம் எதுக்குக் குடுத்தாங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இங்க்ரிட் வந்தாள். கைகூப்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "வாழ்த்துகள் சார். ரொம்பப் பெரிய பீடை."

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்தபடியே வாசலுக்கு வந்து பார்த்தது. ஒரு ஜோடி செருப்புகூட இல்லை.

எல்லாரும் சுடுகிற கல்லில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சான்றிதழுக்கு வரிசையில் நின்றார்கள். காசிநாதன் பலகையில் முந்நூற்று அறுபத்தாறு என்று எழுதிவிட்டு, "முதல்ல யாருபா?" என்றார்.