பதிவு செய்யப்பட்ட கிணறு

மனிதனாகப் பிறந்த எவனும் தன் தொப்பையைக் குறித்து ஒருநாள் தீர்மானம் எடுத்தே ஆகவேண்டும். பிரதம இலிகிதர் வின்சன்டுக்கு அந்த நாளைத் திருவிழாக் கமிற்றி குறித்துக் கொடுத்தது.

மன்னாரில் பள்ளிமுனைக்கு அப்பால் இருக்கும் அந்தக் கரையூரில், அந்தோனியார் திருவிழாவன்று அவருடைய சிலையான சுருவத்தைக் கூட்டில் ஏற்றி நாலு ஆம்பிளைகள் தோளில் தூக்கிக் கடற்கரைக்குப் போவார்கள். கடலுக்கு ஆசீர்வாதம் கொடுத்த பிறகு திரும்பக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கூட்டைத் தாங்கும் தடிகளில் முன் இடக்கொம்பு வின்சன்ட் குடும்பத்துக்கு உரியது. பாட்டன் தூக்கினார், தகப்பன் தூக்கினார், பிறகு இவர். அந்தக் கொம்பை விட்டால் மனிசனுக்கு வேறு பெருமை கிடையாது. கந்தோரில் கோப்பு எழுதிக் கதிரையில் இவ்வளவு காலம் இருந்து வளர்த்தது தொப்பை ஒன்றைத்தான். போன வருசம் மீன்சந்தை வளைவில் தொப்பையும் பெருமையும் மோதிக்கொண்டன. வின்சன்டுக்கு மூச்சு வாங்கியது, கொம்பு நழுவியது, அந்தோனியார் இடப்பக்கம் சரிந்து ஒரு கருவாட்டுக் கடையை எட்டிப் பார்த்தார். இரண்டு கிழவிகள் அதை அந்தோனியார் செய்த அற்புதம், புதுமை என்று முழங்காலில் விழுந்தார்கள்.

"புதுமையுமில்லை, ஒண்டுமில்லை," என்றார் பங்குக் குரு யோசேப் சுவாமியார். "வின்சன்ட், நீங்கள் உடம்பைக் குறைக்கோணும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கமிற்றித் தலைவர் சிங்கராசா இளைப்பாறிய அதிகாரி, எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். கூடு தூக்குவோர் அனைவரும் உரிய முறையில் உடற்பயிற்சி செய்து அதற்கான சான்றிதழைச் சமர்ப்பிக்கவேண்டும் என்றும், தவறின் கொம்பு வேறொருவருக்குக் கையளிக்கப்படும் என்றும் தீர்மானம் நிறைவேறியது. அந்த வேறொருவர் வின்சன்டின் மச்சான் பெனடிக்ற். தீர்மானத்தை வழிமொழிந்தவரும் அவரே. வழிமொழியும்போது அவர் சிரித்த சிரிப்பு வின்சன்டின் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.

முதலில் வின்சன்ட் மன்னார்ப் பட்டணத்து ஜிம்முக்குப் போனார். ஜிம் அப்போது பெரிய நாகரிகம். சைக்கிளை விற்று மோட்டர்சைக்கிள் வாங்கியவர்கள் அந்த மோட்டர்சைக்கிளிலேயே வந்து, ஓடாத சைக்கிளை ஏறி மிதித்தார்கள். வாசலில் பட்டணத்துக் கழுதைகள் நின்று உள்ளே பார்த்தன. முதலாளி றஊப் ஓட்ட மிசினைத் தட்டிக் காட்டினார்.

"இதில எவ்வளவு ஓடினாலும் நிண்ட இடத்திலதான் நிப்பீங்க, சேர்."

"அது பழகினதுதான்," என்றார் வின்சன்ட். "நான் கந்தோர்க்காரன்."

அவர் சேர்ந்திருப்பார். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் பெனடிக்ற் கையில்லாத பனியனோடு நின்று தன் புஜத்துக்குத் தானே முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை வின்சன்டால் தாங்க முடியவில்லை. வீட்டில் செய்வது என்று முடிவெடுத்துத் திரும்பிவிட்டார்.

மனைவி அன்ரோனெற்றுக்குச் சந்தோசம். "நல்லதாப் போச்சு. கிணத்தில தண்ணி அள்ளுங்கோ, விறகு கொத்துங்கோ, மா இடியுங்கோ. வயிறு தன்பாட்டில இறங்கும்."

"அதெல்லாம் வேலை. நான் சொல்லுறது உடற்பயிற்சி."

"ரெண்டிலயும் வேர்க்கும்தானே?"

"வேர்க்கும். ஆனா வேலை செய்தா ஏதாவது மிஞ்சும். உடற்பயிற்சி செய்தா ஒண்டும் மிஞ்சக்கூடாது. உமக்கு இது விளங்காது."

தன் வாயிலிருந்து வந்த இந்த வரைவிலக்கணம் வின்சன்டுக்கே பிடித்துப்போனது. சான்றிதழ் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்திலும் அதையே எழுதினார். உடல்நல மேம்பாட்டு உத்தியோகத்தர் அப்துல் ஹமீட் அதை இரண்டுதரம் வாசித்தார். இவ்வளவு தெளிவாக மேலிடம்கூட எழுதியதில்லை என்று மெச்சி, தன் அடுத்த சுற்றுநிருபத்தில் அதை அப்படியே சேர்த்தும்விட்டார். ஹமீட் நல்ல மனிதர். ஒருவரையும் கடிந்து பேசமாட்டார், ஒரு விதியையும் மீறமாட்டார்.

"ஆனா வீடு பதிவு செய்த இடமில்லையே, ஐயா," என்றார். "பதியாத இடத்தில மெலிஞ்சா நாங்கள் அதை மெலிவாக எடுக்கேலாது."

ஆகவே வீடு பதியப்பட்டது. கிணற்றடியில் 'பதிவு செய்யப்பட்ட உடற்பயிற்சி நிலையம்' என்று பலகை தொங்கியது. பயிற்றுநராக, பாரம் தூக்கி நீண்ட அனுபவமுள்ள ஒருவர் வேண்டும் என்றது விதி. வீட்டில் தேடிப் பார்த்ததில் அப்படிப்பட்டவர் அன்ரோனெற் ஒருத்திதான். அவளைக் கதிரையில் இருத்தி, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார் ஹமீட். அவள் விசில் ஊத வின்சன்ட் வாளியைக் கிணற்றுக்குள் விட்டு நிறைத்து இழுத்தார்.

"இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார் ஹமீட்.

"குசினிக்கு, சேர். சமைக்க."

"அப்ப அது வேலை. பிறகு ஏதோ மிஞ்சுதே."

மூவரும் யோசித்தார்கள். முடிவில் வின்சன்ட் தண்ணீரைத் திருப்பிக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினார். ஹமீடின் முகம் மலர்ந்தது. இதுதான் கலப்படமில்லாத உடற்பயிற்சி என்று அங்கீகரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து காலையில் வின்சன்ட் அள்ளி அள்ளி ஊற்றுவார். களைத்ததும் போய்ச் சாய்ந்துவிடுவார். பிறகு அன்ரோனெற் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குத் தேவையான தண்ணீரை அதே வாளியால் அள்ளுவாள்.

"நீங்கள் ஊத்தின தண்ணியில ரெண்டு குடத்தை உள்ளுக்கு வைச்சால் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சான்றிதழ் கிடைக்காது," என்றார் வின்சன்ட். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

நல்ல விசயம் ஊரில் பரவ நாள் எடுக்காது. ஜிம்முக்குக் காசு கட்ட மனமில்லாத ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டைப் பதிந்தார்கள். விடிந்தால் கரையூர் முழுக்க விசில் சத்தமும், தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பும் சத்தமும்தான். ஜிம் வெறிச்சோடியது. றஊப்பும் ஊர் வழக்கத்துக்கு மாறி, ஒரு தொட்டி கட்டி, அள்ளி ஊற்ற ஆள் சேர்த்தார். பெனடிக்ற் கண்ணாடியை விட்டுவிட்டு அந்தத் தொட்டியில் அள்ளினார்.

திருவிழா வந்தது. கூடு தூக்குவோர் பிளாஸ்ரிக் உறை போட்ட சான்றிதழ்களைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றார்கள். வின்சன்டின் தொப்பை உண்மையாகவே இறங்கியிருந்தது. சந்தோசத்தில் கண் கலங்கியபடி அவர் முன் இடக்கொம்பில் கை வைத்தார். பிரதம விருந்தினராக வந்திருந்த ஹமீட் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"சுருவம் எங்க போகுது, ஐயா?"

"கடற்கரைக்குப் போய்த் திரும்பக் கோயிலுக்கே வரும், சேர். கிணத்துத் தண்ணி மாதிரித்தான்," என்றார் வின்சன்ட் அவசரமாக.

"கடற்கரையில?"

"கடலுக்கு ஆசீர்வாதம்."

"அந்த ஆசீர்வாதம் மிஞ்சுமோ?"

வின்சன்ட் கணக்குப் பார்த்தார். மிஞ்சும் என்றால் இது வேலை, கழுத்தில் தொங்குவது உடற்பயிற்சிக்கான சான்றிதழ், அது வேலைக்குச் செல்லாது. மிஞ்சாது என்றால் கொம்பு கிடைக்கும். ஆனால் பக்கத்தில் சுவாமியார் நிற்கிறார், பின்னால் நாளைக்கு வள்ளம் இறக்கப்போகிற ஊர் முழுவதும் நிற்கிறது. அவர் பாட்டனை நினைத்தார், தகப்பனை நினைத்தார், பெனடிக்றின் சிரிப்பையும் நினைத்தார்.

"மிஞ்சும், சேர்," என்று சொல்லிக் கொம்பிலிருந்து கையை எடுத்தார்.

நாலு ஆம்பிளைகளும் விலகி நின்றார்கள். அந்தோனியார் இருந்த இடத்திலேயே இருந்தார். அன்ரோனெற் எழும்பி வந்தாள்.

"வேலையெண்டா எங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லைத்தானே, சேர்?"

ஹமீட் சுற்றுநிருபத்தைப் புரட்டினார். "வேலைக்கு ஒரு தடையும் இல்லை."

அன்ரோனெற்றும் பக்கத்து வீட்டு மதலேனாவும் இன்னும் இரண்டு பெண்களும் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கினார்கள். சந்தை வளைவில் கூடு ஒரு இம்மிகூடச் சரியவில்லை. கிழவிகள் இரண்டு பேருக்கும்தான் பெரிய ஏமாற்றம்.

அடுத்த கூட்டத்தில் கமிற்றி பெண்களுக்கு மனமார்ந்த நன்றி தெரிவித்தது. இனிமேல் சுருவம் தூக்குவதும், வேலையென்ற வகையில் கோயில் கூட்டுவதும், பலகாரம் சுடுவதும் அவர்களுக்கே உரியவை என்று தீர்மானித்தது. ஆம்பிளைகளின் உரிமையும் கைவிடப்படவில்லை. அவர்களுக்கென்று ஒரு வெறுங்கூடு செய்து, அதைக் கடற்கரைவரை தூக்கிப்போய் ஒரு பிரயோசனமும் இல்லாமல் திருப்பிக் கொண்டுவர ஏற்பாடாகியது. ஹமீட் உடனே அங்கீகரித்தார். முன் இடக்கொம்பு வின்சன்டுக்கு, பின் கொம்பு பெனடிக்றுக்கு. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதால் வின்சன்ட் கிணற்றடிப் பக்கம் பிறகு போகவில்லை. தொப்பை போன வழியே திரும்பி வந்தது.

மறுவருசம் வெறுங்கூடு பூவும் லைற்றுமாக முன்னால் போனது. சனம் முழுவதும் போனைத் தூக்கிப் படம் எடுத்தபடி அதற்குப் பின்னால் போனது. சந்தை வளைவில் வின்சன்டுக்கு மூச்சு வாங்கியது, கொம்பு நழுவியது, வெறுங்கூடு இடப்பக்கம் சரிந்தது.

கிழவிகள் இரண்டு பேரும் முழங்காலில் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிங்கராசா விழுந்தார், ஹமீட் மரியாதைக்குத் தொப்பியைச் சரிசெய்தார், சந்தை முழுவதும் விழுந்தது. பின்னால் அந்தோனியாரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த அன்ரோனெற் வழி விடச் சொல்லி விசில் ஊதினாள்.

ஒருவரும் எழும்பவில்லை.