பூதத்தின் பல்வரிசை

"நா கொகைக்குள்ள வரல" என்று பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உள்ள இன்னா கீதுன்னு தெரியாம எவனாவது போவானா?"

தினகரன் தலையில் அடித்துக்கொண்டான். நிஷா சாம்சனைப் பார்த்தாள். சாம்சன் மட்டும் அசரவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் எல்லம்மாள் டீக்கடையில், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் சாம்சன்தான் ராஜா. ஆட்டத்துக்கு அவன் வைத்திருந்த பெயர் கதையாட்டம். அவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது பக்கமுள்ள பகடை முடிவு செய்யும். அரிசி மில் சூப்பர்வைசர் தினகரன் வில்லாளி. தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் நிஷா கையில் வாள். பல மாதங்களாகக் காடு மலை எல்லாம் அலைந்து, இளவரசியைச் சிறைவைத்திருக்கும் பூதத்தின் குகை வாசலுக்கு இன்றுதான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஆடுகிறவர்கள் என்ன கோணங்கித்தனம் செய்தாலும் 'முடியாது' என்று சொல்லாமல் கதையை ஓட்டிவிடுவேன் என்பது சாம்சனின் பெருமை. அந்தப் பெருமையில் நியாயமும் இருந்தது. போன மாதம் தினகரன் எதிரி ராஜாவின் குதிரைக்கே அல்வா கொடுத்துப் பழக்கிவிட்டபோதுகூட அவன் கலங்கவில்லை.

ஆனால் இன்று நிலைமை வேறு. காலையில் சர்ச் முடிந்து வெளியே வரும்போது ஷாரோன் போன் செய்திருந்தாள்.

"எங்க வூட்லேர்ந்து ஒருத்தங்க உன்னப் பத்தி விசாரிக்க இன்னிக்கி வராங்க. யாருன்னு எங்கிட்டயே சொல்ல மாட்டேன்றாங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் நைனா நம்ம கல்யாணத்துக்கு ஒத்துக்குவாரு. ஒயுங்கா இரு."

மாப்பிள்ளையை விசாரிக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கா வருவார்கள்? டீக்கடைக்குத்தான் வருவார்கள். ஒரு டீ சொல்லிவிட்டு, வேறு எதையோ பேசுவதுபோலப் பேசி, பையனின் ஜாதகத்தையே கறந்துவிடுவார்கள். அது தெரிந்துதான் சாம்சன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடையிலேயே உட்கார்ந்திருந்தான். முதல் சுற்று டீ முடிந்த நேரத்தில், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக இந்தப் பெரியவர் வந்தார். அடுத்த பெஞ்சில் குடையும் கைப்பையுமாக ஓர் அம்மாள் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், இவர்கள் பெஞ்சில் இடம் பிடித்தார்.

"எங்கேர்ந்து வரீங்க, பெரியவரே?"

"தாமல்லேர்ந்து."

ஷாரோனின் ஊர் தாமல். சாம்சன் எழுந்தே நின்றுவிட்டான். "நீங்களும் ஆடறீங்களா?" என்று கேட்டு, காவல்காரன் பாத்திரம் ஒன்றையும் அவருக்குக் கொடுத்தான். அந்தக் காவல்காரன்தான் இப்போது குகைக்குள் வரமாட்டேன் என்கிறான்.

"வாணாம். நீங்க உள்ள வர வாணாம்" என்றான் சாம்சன். "பூதமே வெளிய வருது!" தொண்டையைக் கனைத்துக்கொண்டு பூதமாக உறுமினான்.

தினகரன் பகடையை எடுத்தான். "அம்பு வுடறேன்!"

"இரு நைனா." பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுத்த ஒடனே அடிச்சிட்டா அது எதுக்கு ஒதவும்?" பூதத்தின் பக்கம், அதாவது சாம்சன் பக்கம், திரும்பினார். "நீ யாரு வூட்ல வளந்தவன்?"

சாம்சனுக்குப் பளிச்சென்று புரிந்தது. நேராகக் கேட்டால் நன்றாக இருக்காது என்று ஆட்டத்துக்குள் புகுந்து கேட்கிறார். என்ன சாமர்த்தியம்! இப்படிப்பட்ட குடும்பத்தில் அல்லவா பெண் எடுக்க வேண்டும்!

"பீட்டர் வூட்லங்க" என்றது பூதம் பணிவாக. "அப்பா எலக்ட்ரீஷியன். நா ஒரே புள்ள."

"பூதத்தோட அப்பா எலக்ட்ரீஷியனா?" என்றாள் நிஷா.

"போவப் போவப் புரியும்."

"வேலைக்கு எப்பிடி?" என்றார் பெரியவர்.

"ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனிங்க. பர்மனென்ட். நைட் ஷிஃப்டும் போவேன்."

"நைட் ஷிஃப்ட் போனா இளவரசிக்கு யாருடா காவலு?" என்று கத்தினான் தினகரன்.

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. "தீனி?"

"எத வெச்சாலும் சாப்புடுவேங்க. கொற சொல்ல மாட்டேன்."

"கோவம் வருமா? மேல பாயுமா?"

"அய்யய்யோ, கொயந்தகூட கிட்ட வரலாங்க."

இதே பூதம் போன வாரம் மூன்று கிராமங்களை விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. அடுத்த பெஞ்சு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். விளையாட்டைக் கெடுக்கிறாளே என்று சாம்சனுக்கு எரிச்சலாக இருந்தது.

தினகரனின் பொறுமை போய்விட்டது. பகடையை உருட்டினான். அது பெஞ்சு முழுக்க ஓடி, டீ கிளாஸில் முட்டி நின்றது. இருபது!

"நெஞ்சுல அம்பு! பூதம் காலி!"

ஷாரோன் வீட்டு மனிதர் கண் முன்னாலேயே மாப்பிள்ளை செத்து விழுவதா? சாம்சன் ஒரு நொடிதான் யோசித்தான்.

"பூதம் குறுக்கால பை மாட்டிக்கினு இருந்திச்சி. பைக்குள்ள டிபன் பாக்ஸு. அம்பு அதுல பட்டுக் கீய வுயுந்திடிச்சி."

"இருபது வுயுந்தா அப்பீலே கெடையாதுன்னு நீதானடா சொன்ன?"

"கம்பெனி டிபன் பாக்ஸு மச்சான். கெட்டியா இருக்கும்."

"பேஜார் பண்ணாத" என்றாள் நிஷா. "நீங்க பேசிக்கினே இருங்க. நா உள்ள பூந்து இளவரசியக் கூட்டிக்கினு வந்துட்டேன்." பகடையும் அவள் பக்கமே பேசியது.

பெரியவரின் முகம் மலர்ந்தது. "பொண்ணு கீதா? அப்பிடின்னா ஜோடி சேத்துடலாமே!"

சாம்சனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "உங்க இஷ்டங்க" என்றது பூதம் தரையைப் பார்த்தபடி.

"இன்னாடா இஷ்டம்? இத்தினி மாசம் முள்ளுல நடந்தது இதுக்கா?" என்றான் தினகரன்.

"கோச்சிக்காத. நீதான் மாப்பிள்ளத் தோழன்."

சமாதானத்துக்குச் சொன்ன அந்த வார்த்தைதான் தினகரனைக் கிளப்பியது. வில்லையும் அம்பையும் மனத்தாலேயே வீசி எறிந்துவிட்டு, அடுப்புப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். நிஷா கையைக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் போயிற்று. போகட்டும், ஆட்டம் அடுத்த ஞாயிறும் வரும், ஷாரோன் வருவாளா? சாம்சன் தன்னம்பிக்கையோடு பெரியவரைப் பார்த்தான்.

"எய்ந்திரு" என்றார் அவர். "ரெண்டு தப்படி நட பாக்கலாம்."

பூதம் பாய்லர் வரைக்கும் நடந்து திரும்பியது.

"நடை சுத்தம். பல்லக் காட்டு."

பூதம் ஈ என்று இளித்தது. பெரியவர் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டிலும் பார்த்தார். "பல்லு சேந்திருக்குது. தலையக் குனி, சுழி பாக்கணும்."

தாமல்காரர்கள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பார்கள் என்று ஷாரோன் சொல்லவே இல்லையே என்று நினைத்தபடி சாம்சன் தலையைக் குனிந்தான். பெரியவர் முடியைக் கோதிப் பார்த்து, "ஒத்தச் சுழி. கொறையில்ல" என்றார்.

அப்போது அடுத்த பெஞ்சு அம்மாளுக்கு அடக்க முடியவில்லை. "தம்பி, அந்தப் பூதம் குடிக்குமா?"

கடையே சிரித்தது. பெரியவரும் பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லலாம். ஆனால் பின்னால் தெரிந்தால்? சாம்சன் உள்ளதையே சொன்னான்.

"கிறிஸ்மஸுக்கு மட்டுங்க்கா. கொஞ்சமா."

"அப்பிடியா" என்றாள் அந்த அம்மாள். குடையை எடுத்துக்கொண்டு எல்லம்மாளிடம் காசு கொடுக்கப் போனாள்.

பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துச் சாம்சனின் கைமேல் போர்த்தி, அதற்குள் தன் கையை விட்டு விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். சம்பந்தம் பேசுவதில் இப்படியும் ஒரு முறை போலிருக்கிறது என்று சாம்சன் பக்தியோடு கையைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"முடிச்சிடலாம்" என்றார் பெரியவர். அதற்குள் செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சாம்சன் பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டான். "முடிஞ்சிடிச்சிடா! அவரு ஷாரோன் வூட்டு ஆளு! என்ன விசாரிக்கத்தான் வந்தாரு!" விஷயம் புரிந்ததும் தினகரனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஓடிவந்து பூதத்தைக் கட்டிக்கொண்டான். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா? நானே உனுக்கு நல்ல பேரு சொல்லியிருப்பேனே!"

"எல்லம்மாக்கா!" என்று கூப்பிட்டான் சாம்சன். "பெரியவரு என்னப் பத்தி உங்கிட்ட இன்னா கேட்டாரு?"

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த எல்லம்மாள் திரும்பினாள். "யாரு, வேதகிரியா? சக்கர கம்மியா ஒரு டீ கேட்டாரு. மாட்டுத் தரகரு. தாமல்ல ஒரு எருத பாத்துட்டு வந்தாராம். பஸ்ஸு வர வரைக்கும் பொயுது போவணுமில்ல?"

சாம்சன் பெஞ்சிலிருந்து மெல்ல இறங்கினான். நடை, பல், சுழி, மாட்டுச் சந்தையில்போலத் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியது என்று எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. நாக்கால் தன் பற்களைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். நிஷா சிரிக்கவில்லை. அவளுக்கே பாவமாக இருந்தது.

"அப்ப ஷாரோன் வூட்லேர்ந்து யாருமே வரலியா?" என்று கேட்டாள் அவள்.

"வராம இன்னா? அந்தக் கொடைக்காரம்மாதான் ஷாரோனோட அத்த" என்றாள் எல்லம்மாள். "விசாரிக்க வந்ததெல்லாம் பூதமே சொல்லிடிச்சாம், பொண்ணு குடுக்கறாங்களாம், ஆனா கிறிஸ்மஸுக்கும் குடிக்கக் கூடாதுன்னு பூதத்துகிட்ட சொல்லச் சொல்லிட்டுப் போனாங்க!"