தொப்பிக்காரனை வென்ற மகான்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் சுற்றுலா போன இடத்தில் விடாமல் பின்னால் வரும் வியாபாரிகளை விரட்டும் வழியைக் கண்டுபிடிக்க, நம் முகவர் அவதரிக்க வேண்டியிருந்தது. ஆயுள் காப்பீட்டு முகவர். கிளை அலுவலகத்தில் அவருக்குச் 'சாதனையாளர்' என்று பெயர். அவர் தெருமுனையில் திரும்பினாலே அக்கம்பக்கத்து வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவு மரியாதை.

கல்யாணமாகி முதல்முறையாக மனைவியை ஓர் ஏரிக்கரை ஊருக்கு அழைத்து வந்திருந்தார். அவள் கேட்ட வரம் ஒன்றுதான்: "இன்னிக்கு ஒரு நாள் பாலிசிப் பேச்சே கூடாது. நாம ரெண்டு பேரும் படகுல போகணும்." அவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். கடைசிப் படகு சாயங்காலத்தோடு சரி.

பேருந்தை விட்டு இறங்கியதுமே தொப்பிக்காரன் ஒட்டிக்கொண்டான். தலைமேல் தொப்பிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தான்.

"சார், தொப்பி! வெயில் மண்டையப் பொளக்குது."

"வேண்டாம்பா."

"அக்காவுக்காவது?"

"மூஞ்சியப் பாக்காத, பதில் பேசாத, வேகமா நட" என்று முகவர் மனைவிக்கு 'சுற்றறிக்கை' விட்டார். வேகமாக நடந்தார்கள். அவன் இன்னும் வேகமாக நடந்தான். காபிக்கடைக்குள் ஒளிந்துவிட்டு வெளியே வந்தால், பல்லெல்லாம் தெரிய நிற்கிறான்.

"சும்மா போட்டுப் பாருங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முகவர் சட்டென்று நின்றார். அது அவர் தினமும் சொல்லும் வாசகம். அவர் கண்ணில் ஓர் ஒளி வந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துப் படகுத்துறைப் பக்கம் இழுத்தாள்.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். இந்தத் தொப்பி..."

"நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

தொப்பிக்காரனின் பல் உள்ளே போனது. "எனக்கு என்ன சார் ஆகப்போகுது?"

"இப்படிச் சொன்னவங்க யாரும் இப்ப இல்ல."

"எனக்கு வேண்டாம் சார்!"

"வாங்க வேண்டாம்பா, காது குடுத்துக் கேளு."

'வேண்டாம்' என்பது வெட்கப்படும் சம்மதம் என்று புதிய முகவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர் அவர்.

"என்னங்க, படகு!" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம்மா, ஆள் கனிஞ்சுட்டாரு."

கனிந்த ஆள் முகத்தைப் பார்க்கவில்லை, பதில் பேசவில்லை, வேகமாக நடந்தான். பிறகு ஓடினான். தொப்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முகவர் ஒவ்வொன்றையும் எடுத்துத் தூசி தட்டித் தம் தலையில் வைத்துக்கொண்டே துரத்தினார். மணிமாலை விற்றவர் பெட்டியை மூடினார், பலூன்காரர் சந்துக்குள் மறைந்தார். எத்தனையோ அதிகாரிகளால் முடியாததை நம் மகான் செய்துகாட்டினார்: தெரு காலி.

ஏரியில் கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்தார்கள். இனிக் காத்திருந்து பயனில்லை என்று மனைவி தனியாக ஏறி உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பக்கத்து இருக்கையில் தொப்பிக்காரன் பாய்ந்து விழுந்தான்.

"தள்ளுண்ணே, சீக்கிரம் தள்ளு!" என்று படகுக்காரரிடம் கத்தினான்.

படகு நகர்ந்தது. கரையில் முகவர், தலைமேல் தொப்பிக் கோபுரத்தோடு, "ஒரே ஒரு கையெழுத்துதான் தம்பி!" என்று முழங்கினார்.

மூச்சு வாங்கி முடித்ததும் தொப்பிக்காரன் மெல்லக் கேட்டான்: "அக்கா, இவர எப்படிக்கா கல்யாணம் பண்ணீங்க?"

அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்குப் பாலிசி விக்க வந்தாரு தம்பி. வேண்டாம்னுதான் சொன்னோம். இன்னும் போகல."